தெருவுக்கு ஒரு நோட்டு: வடசென்னையிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களைக் கணக்கெடுப்பது எப்படி, அதை வைத்து அடுத்த பிள்ளையை அனுப்புவது எப்படி

"நம்ம தெருவுல யாரும் யுனிவர்சிட்டி போனதில்ல." தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு 80 பக்க நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒரு பக்கம் முழுக்க எழுதும் அளவுக்குப் பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். பாரதி மகளிர் கல்லூரியில் படித்த அக்காக்கள், சர் தியாகராயா கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு ஹார்பர் வேலைக்குப் போன அண்ணன்கள், வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படித்த என்னைப் போன்றவர்கள். எல்லோருடைய பட்டத்திலும் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். ஆனால் சேப்பாக்கத்தில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் போனால்தான் யுனிவர்சிட்டி என்று நினைத்ததால், யாரும் தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாக ஆகிவிட்டது. உங்கள் தெருவிலும் இதை ஆரம்பியுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை, கூட வர ஒருவர், அவ்வளவுதான். கூட வருகிறவர் பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் பகலில் வீட்டில் இருந்து பேசப்போவது பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும்தான்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் ஆரம்பித்தபோது கிட்டத்தட்ட தென்னிந்தியா முழுவதற்கும் அதுதான் பல்கலைக்கழகம். பிறகு 1916-இல் மைசூர், 1926-இல் ஆந்திரா, 1929-இல் அண்ணாமலை, 1937-இல் திருவிதாங்கூர், 1966-இல் மதுரை என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பல்கலைக்கழகங்கள் வர வர, இதன் எல்லை சுருங்கிக்கொண்டே வந்து, இன்று சென்னையும் அதைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கமும்தான் மிச்சம். அதாவது இன்றைக்கு அது நம்ம வட்டாரப் பல்கலைக்கழகம். பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்க நேரே சேப்பாக்கத்துக்கு விண்ணப்பிப்பதில்லை, அதன் கீழ் இணைந்த கல்லூரியில்தான் சேருகிறது. எம்.ஏ., எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி என்று வரும்போதுதான் பல்கலைக்கழகத் துறைகளுக்கே நேரடியாகப் போகலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கதை வேறு: கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக் கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து 1978-இல் உருவானது. அந்த வளாகங்களிலேயே நேரடியாக பி.இ. படிக்கலாம், மாநிலம் முழுக்க அதன் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் இருக்கின்றன. ஆக, வீட்டில் போய் "யுனிவர்சிட்டி போனவங்க இருக்காங்களா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "காலேஜ் படிச்சவங்க யாராவது இருக்காங்களா, பாதியில விட்டிருந்தாலும் பரவாயில்ல" என்று கேளுங்கள்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

பெயர், பிறந்த வருடம், எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, என்ன பாடம், சேர்ந்த வருடம், முடித்தாரா, இப்போது என்ன வேலை, வீட்டில் முதலில் படித்தவர் இவர்தானா. இவ்வளவு போதும். சாதி என்ற கட்டமே வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு தெருவில் கையால் எழுதிய நோட்டு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும், சான்றிதழ் விஷயத்தில் உதவி தேவைப்படுகிற குடும்பத்தோடு தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஆதார் எண்ணும் எழுதாதீர்கள். போன் நம்பர், அவர்களாகக் கொடுத்தால் மட்டும்.

இதில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது பாதியில் நின்றவர்களுக்கு. ஒரு வீட்டில் "சேர்ந்தான், அப்புறம் போகல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதோடு எழுந்து வந்துவிடாமல் இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள். எங்கள் நோட்டில் விழுந்த காரணங்களைப் பார்த்தால் படிப்பு வரவில்லை என்பது ரொம்பக் குறைவு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் பையன் லோடு ஏற்றப் போனது, முதல் செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்ததும் வீட்டில் சொல்லப் பயந்து கல்லூரிக்குப் போவதை நிறுத்தியது, மணலியிலிருந்து தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரிக்கு இரண்டு பஸ் ஒரு ரயில் மாறிப் போய் வந்து ஆறே மாதத்தில் களைத்துப்போனது, இப்படித்தான் இருந்தன. நின்றுபோனவர்களில் சிலருக்கு இன்னும் வழி இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் பழைய அரியரை முடிக்க அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு கொடுக்கின்றன. எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி ஒரு வாய்ப்பில், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, மிச்சமிருந்த ஒரே ஒரு பேப்பரை எழுதிப் பட்டம் வாங்கினார். நாங்கள் போய்க் கேட்கும்வரை அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது.

எழுதி முடித்ததும் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தெருவில் 18 முதல் 23 வயதுக்குள் எத்தனை பேர், அதில் கல்லூரியில் இருப்பவர்கள் எத்தனை பேர். உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பில் 2021-22-க்கு தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்தியாவுக்கு 28.4. அவர்கள் கணக்கிடும் முறை கொஞ்சம் வேறு, வயது வித்தியாசம் பார்க்காமல் கல்லூரியில் இருக்கிற எல்லோரையும் எண்ணி, அதை 18-23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவார்கள். ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது போதும். நூறு பேரில் 47 என்பது மாநிலக் கணக்கு, நம் தெருவில் அது எத்தனை? ஆண், பெண் தனித்தனியாகப் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள்தான் முன்னால் இருக்கிறார்கள், பையன்கள் பதினெட்டு வயதிலேயே டெலிவரி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்விடுகிறார்கள்.

மே மாதத்துக்கான மேசை

நோட்டு வெறும் கணக்காக இருந்தால் பிரயோஜனம் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும், பொறியியல் கவுன்சலிங், அரசு கலைக் கல்லூரி இரண்டுக்கும் ஆன்லைன் விண்ணப்பம் அதை ஒட்டியே திறக்கும். அந்தச் சமயத்தில்தான் காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கையில் காசே இருக்காது. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. நன்றாக மார்க் எடுத்த பிள்ளையை "இந்த வருஷம் வேலைக்குப் போ, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான் வருகிறது. அடுத்த வருடம் என்று ஒன்று அந்தப் பிள்ளைக்கு வருவதே இல்லை. அதனால் தெருவிலேயே விண்ணப்பத்துக்கு உதவ ஒரு மேசை போட வேண்டும், அதை ரிசல்ட் வந்த பிறகு போடாதீர்கள். மார்ச்சிலேயே போடுங்கள். படிப்பகம், கேரம் கிளப், அம்பேத்கர் மன்றம், ஊர் சபைக் கட்டடம், சர்ச் ஹால், எங்கே நாலு நாற்காலி கிடைக்கிறதோ அங்கே. நோட்டில் இருக்கிற பட்டதாரிகளில் இரண்டு பேரை ஞாயிறு காலை வந்து உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் பொறியியல் கவுன்சலிங் வழியாகப் போனவர், ஒருவர் அரசு கலைக் கல்லூரியில் படித்தவர் என்று இருந்தால் போதும்.

மார்ச்சில் செய்ய வேண்டியது சான்றிதழ் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதனால் போன வருடம் அக்காவுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்று காட்ட வேண்டும், கவுன்சலிங்கின்போது அதோடு கூட்டு உறுதிமொழியும் கேட்பார்கள். பொறியியல் படிப்பில் கவுன்சலிங் வழியாகச் சேருகிற பிள்ளைக்குத்தான் இந்தச் சான்றிதழை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை, மேனேஜ்மென்ட் சீட்டில் போனால் கிடையாது. இதைத் தெரியாமல் என் சித்தி மகன் ஒரு தனியார் கல்லூரியில் "எப்படிச் சேர்ந்தாலும் சலுகை உண்டு" என்று சொன்னதை நம்பி முன்பணம் கட்டிவிட்டான். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க ஒரு வருடம் அலைந்தோம். கடைசிவரை முழுத்தொகை வரவில்லை.

அப்புறம் எந்தப் பிரிவில் டிக் செய்வது என்பதில் நம்ம பக்கம் நடக்கிற தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாநிலத்தில் 69 சதவீத இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. பட்டியல் சாதியினரின் 18-க்குள் 3 சதவீதம் அருந்ததியருக்கு 2009-இலிருந்து உள் ஒதுக்கீடு. இந்த உள் ஒதுக்கீட்டில் மொத்தம் ஏழு சாதிகள் வருகின்றன, ஆதி ஆந்திரரும் மாதிகாவும் அதில் உண்டு. வடசென்னையில் வீட்டில் தெலுங்கு பேசுகிற தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் நிறைய, சான்றிதழில் ஆதி ஆந்திரா என்று இருக்கும், ஆனால் விண்ணப்பத்தில் பொதுவாக எஸ்.சி. என்று போட்டுவிடுவார்கள். எஸ்.சி.ஏ. (எஸ்.சி. அருந்ததியர்) என்று போட வேண்டும். அதே மாதிரி நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தை 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது, பழைய எம்.பி.சி. சான்றிதழோடு இருப்பவர்கள் புதிதாக வாங்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு வீட்டு வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

7.5 சதவீதம் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் பாதியாகத்தான் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-இலிருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021-இலிருந்தும் இந்த ஒதுக்கீடு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய மிஷன் பள்ளிகளும் தர்மப் பள்ளிகளும் நிறைய, அங்கே ஃபீஸ் கம்மி என்பதால் கவர்மென்ட் ஸ்கூல் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் இதை இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் ஆறாம் வகுப்பில் எடுக்கிற முடிவு ஏழு வருடம் கழித்து இப்படி வந்து நிற்கும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல், மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அவர்களுக்கும் உண்டு. அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைத்ததே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அது 2024 ஆகஸ்டிலிருந்து.

விண்ணப்பம் போடும் நாளில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். ஓ.டி.பி. வருகிற போன் நம்பர் பிள்ளையுடையதாகவோ வீட்டில் எப்போதும் இருக்கிற ஒருவருடையதாகவோ இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் தன் நம்பரையே போட்டுவிடுவார். எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது, சீட் ஒதுக்கீடு வந்து, உறுதி செய்ய இரண்டு நாள் அவகாசமும் முடிந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. நல்ல கட்-ஆஃப், மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. இன்றைக்கும் அவனைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை. பொறியியலுக்கு அரசே சேவை மையங்கள் வைத்திருக்கிறது, பதிவும், விரும்பும் கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசையாக எழுதும் சாய்ஸ் ஃபில்லிங்கும் அங்கேயே செய்துகொள்ளலாம், அங்கே போவதே நல்லது.

சாய்ஸ் ஃபில்லிங் பற்றி: கட்-ஆஃப் 200-க்கு, அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. போன வருட கட்-ஆஃபைப் பார்த்துவிட்டு "இது நமக்குக் கிடைக்காது" என்று நாமே கிண்டியை எழுதாமல் விடக் கூடாது. விருப்பமான வரிசையில் எழுத வேண்டும், எவ்வளவு நிறைய எழுத முடியுமோ அவ்வளவு. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் தானாக அடுத்ததற்கு இறங்கும், அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. 7.5-க்குத் தகுதியான பிள்ளை பொதுப் பிரிவிலும் கலந்துகொள்ளலாம், ஒன்றில் போனால் இன்னொன்று போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டது ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டுப் பயப்படுகிற பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010-இலிருந்து தமிழிலேயே இருக்கின்றன.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் என்றாலும் ரேங்க் பட்டியலும் கலந்தாய்வு நாளும் ஒவ்வொரு கல்லூரிக்கும் வேறு வேறு. பாரதி, வியாசர்பாடி அம்பேத்கர், ஆர்.கே. நகர் என்று மூன்றுக்கும் போட்டிருந்தால் மூன்று தேதியையும் பெரிய எழுத்தில் நோட்டில் எழுதி, முந்தின நாள் மாலை அந்த வீட்டுக்குப் போய் ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். சர் தியாகராயா போன்ற உதவி பெறும் கல்லூரிகளில் கல்லூரியிலேயே தனியாக விண்ணப்பம் வாங்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 2010-இலிருந்து நடத்துகிற இலவசக் கல்வித் திட்டத்தையும் மறக்காதீர்கள். இணைப்புக் கல்லூரிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவார்கள், பெற்றோர் இல்லாதவர்களுக்கும் கணவரை இழந்தவர்களின் பிள்ளைகளுக்கும் முதல் பட்டதாரிகளுக்கும் முன்னுரிமை. ரிசல்ட்டுக்குப் பிறகு கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன்வளப் பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடு உண்டு, அதன் கல்லூரி ஒன்று பக்கத்தில் பொன்னேரியிலேயே இருக்கிறது.

ஃபெயில் ஆன பிள்ளைகள் மேசைக்கு வரமாட்டார்கள். நாம்தான் போக வேண்டும். துணைத் தேர்வு எழுதி அதே வருடம் சேர முடியும், துணைக் கலந்தாய்வும் உண்டு என்று அந்த வாரமே சொன்னால்தான் பயன்.

பல்கலைக்கழகத்திடமே கேட்பது

நோட்டில் இருப்பது நம் பக்கத்துக் கணக்கு. அவர்கள் பக்கத்துக் கணக்கையும் கேட்க வேண்டும், அது பொதுப் பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "வடசென்னை மாணவர்கள் எத்தனை பேர்" என்று கேட்டால் அப்படி ஒரு பதிவு இல்லை என்று முடித்துவிடுவார்கள். பின்கோடு வைத்துக் கேளுங்கள்: 600019 திருவொற்றியூர், 600057 எண்ணூர், 600081 தண்டையார்பேட்டை, 600039 வியாசர்பாடி, 600118 கொடுங்கையூர். இந்த முகவரிகளிலிருந்து கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வளாகத் துறைகளில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், முதல் பட்டதாரிச் சலுகை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று. யாருடைய பெயரையும் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும்.

நான் எம்.ஏ. படித்தபோது வகுப்பில் திருத்தணியிலிருந்து, உத்திரமேரூரிலிருந்து, விழுப்புரத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து சேப்பாக்கம் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான், அந்த வகுப்பில் பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே இருந்து வந்தது நான் ஒருவன்தான். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தாகிவிட்டது. திருவொற்றியூரில் ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம், கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்தால் சேப்பாக்கம். ஆகவே தூரம் காரணம் இல்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவை, லீவு இல்லாத ஒரு நாளில், இரண்டு வளாகத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், முன்கூட்டியே பதிவாளருக்கும் ஒரு துறைத் தலைவருக்கும் கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு. லைப்ரரியையும் லேபையும் காட்டுங்கள், கேன்டீனில் டீ வாங்கிக் கொடுங்கள், அங்கே படிக்கிற ஒரு மாணவரோடு அரை மணி நேரம் பேச விடுங்கள். போன வருடம் கிண்டியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி செக்யூரிட்டி தன்னை உள்ளே விட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சேர்ந்த பிறகு நோட்டை மூடி வைக்காதீர்கள். ஆகஸ்டில் ஒரு போன், பஸ் பாஸ் வந்ததா, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்ததா என்று. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம் இன்னொரு போன், இதை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. அரியர் எத்தனை என்று நேராகக் கேளுங்கள், திட்டாதீர்கள், அதே பேப்பரைப் படித்த இன்னொருவரின் நம்பரை நோட்டில் தேடிக் கொடுங்கள்.